ரேட் ஏறுகிறது, நம் கைக்கு ஏறுவது என்ன?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கைப் படித்தார்கள். அதில் ஒரு வரியைப் பலரும் கவனிக்காமல் விட்டிருக்கக் கூடும். வளைகுடா நாடுகளிலிருந்து சந்தா அனுப்பிய சபுராளிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது; ஆனால் ரூபாயில் வந்து சேர்ந்த தொகை கூடியிருக்கிறது. இது எப்படி என்று ஒரு பெரியவர் கேட்டார். “ரேட் ஏறிவிட்டது ஹள்ரத்” என்று பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். அவையில் மகிழ்ச்சி தெரிந்தது. இந்த மகிழ்ச்சிக்கு இடம் உண்டா என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன், மதரஸாவில் ஓதியவன். எனினும் நாணயத்திற்கு நாணயம் மாற்றுவது மார்க்கச் சட்டத்திற்குப் புதிய செய்தி அன்று. ஹிதாயா ஓதியவர்களுக்குத் தெரியும், அதில் ‘கிதாபுஸ் ஸர்ஃப்’ என்று நாணய மாற்றுக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில் ரோமாபுரியின் தங்க தீனாரும் பாரசீகத்தின் வெள்ளி திர்ஹமும் ஒரே கடைவீதியில் புழங்கின. அவ்விரண்டின் மதிப்பும் ஒரே நிலையில் நிற்கவில்லை. கொலைக்கான நஷ்ட ஈடு நபி (ஸல்) அவர்களின் காலத்தில் 800 தீனார் அல்லது 8,000 திர்ஹமாக இருந்தது என்றும், ஒட்டகத்தின் விலை ஏறிவிட்டதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள் அதனைத் தங்கம் உடையோருக்கு 1,000 தீனார், வெள்ளி உடையோருக்கு 12,000 திர்ஹம் என்று மாற்றி அமைத்தார்கள் என்றும் அபூதாவூதில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. கணக்கிட்டுப் பாருங்கள். முன்பு ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம், பின்பு பன்னிரண்டு. விலை ஏறியபோது எண்ணிக்கையைப் பார்த்து மகிழாமல், எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் ஒட்டகத்தைப் பார்த்தார்கள் உமர் (ரலி) அவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

நமது காலத்திற்கு வருவோம். இங்கிருக்கும் எழுபது எண்பது வயதுப் பெரியவர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஒரு காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய், மஸ்கட் ஆகிய இடங்களில் புழங்கிய பணமே நமது ரூபாய்தான். அங்கிருந்து ரூபாய் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்து, தங்கக் கடத்தலுக்கு வழியாகிறது என்று கண்ட இந்திய அரசு, 1959இல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி நோட்டுகளை அச்சிட்டது. ஹாஜிகளுக்கென்றும் ரிசர்வ் வங்கி தனியாக 10 ரூபாய், 100 ரூபாய் ஹஜ் நோட்டுகளை வெளியிட்டது. 1961இல் குவைத் தனக்கென தீனார் வெளியிட்டபோது ஒரு தீனாருக்குப் பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேல் என்பது கணக்கு. 1966 ஜூன் 6ஆம் நாள் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசாக இருந்தது ஏழரை ரூபாய் ஆயிற்று. தங்கள் பெட்டியில் இருந்த பணத்தின் மதிப்பு தாங்கள் கேட்காமலே குறைந்ததைக் கண்ட வளைகுடா அமீரகங்கள் ரூபாயைக் கைவிட்டன. ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. அன்று பதின்மூன்று ரூபாய்க்கு வாங்கிய அந்தக் குவைத் தீனார் 2025 டிசம்பரில் ஏறக்குறைய 290 ரூபாய். தீனார் வளர்ந்தது என்று சொல்வதா, ரூபாய் தேய்ந்தது என்று சொல்வதா? இரண்டிலும் சிறிது உண்டு. ஆனால் பெரும்பங்கு எது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்று அமீரகத் திர்ஹமும் சவூதி ரியாலும் தாமாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இதனை நம்மில் பலர் அறிவதில்லை. ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று சவூதி அரசு 1986லிருந்தும், 3.6725 திர்ஹம் என்று அமீரக அரசு 1997லிருந்தும் டாலரோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. கத்தர், பஹ்ரைன், ஓமன் நாடுகளும் அப்படியே. குவைத் மட்டும் 2007 மே மாதத்தில் அந்த முடிச்சை அவிழ்த்துப் பல நாணயங்களின் தொகுப்போடு தன் தீனாரை இணைத்துக்கொண்டது. ஆகவே “திர்ஹம் ஏறிவிட்டது” என்று நாம் சொல்லும்போது உண்மையில் நடந்தது டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியதுதான். துபாயில் எதுவும் நடக்கவில்லை. நடந்தது வாஷிங்டனிலோ, எண்ணெய்ச் சந்தையிலோ, மும்பையிலோ இருக்கும்.

எண்ணெய் என்று சொன்னேன். நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85க்கும் மேற்பட்ட பங்கை வெளியிலிருந்து டாலர் கொடுத்து வாங்குகிறது. எண்ணெய் விலை ஏறினால் டாலர் அதிகமாகத் தேவைப்படும், ரூபாய் இறங்கும். அதே எண்ணெய் விலைதான் வளைகுடாவில் கட்டடம் எழுப்புகிறது, நம் பிள்ளைகளுக்கு வேலையும் கொடுக்கிறது. 1990 ஆகஸ்டில் இராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் நம்மைத் தாக்கின. எண்ணெய் விலை ஏறியது. குவைத்தில் இருந்த ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் ஏற்றி வரப்பட்டார்கள். பெட்டி இல்லாமல், சேமிப்பு இல்லாமல் வந்தார்கள். அவர்கள் அனுப்பி வந்த பணமும் நின்றது. அடுத்த ஆண்டில் இந்தியாவின் கையிருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற நிலை. ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன் அடகுக்காக வெளிநாடு சென்றது. 1991 ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது. ரேட் ஏறியது என்று அன்று மகிழ்ந்தவர் எவரேனும் இருந்தால், அவர் வேலையை இழக்காதவராக இருந்திருப்பார்.

இரண்டாவது, வட்டி. ஆம், நாம் வீட்டு வாசலிலேயே தடுத்து நிறுத்த முயலும் அதே வட்டி! அமெரிக்காவில் வட்டி ஏறினால் உலகெங்கும் முதலீடு செய்யப்பட்ட பணம் அங்கே திரும்பி ஓடுகிறது. 2013 மே மாதம் 22ஆம் நாள் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கி, தாம் கடன் பத்திரங்களை வாங்கி வருவதைப் படிப்படியாகக் குறைக்கக்கூடும் என்று அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் சொன்னார். வட்டியை உயர்த்தவில்லை, வாங்குவதைக் குறைக்கலாம் என்று சொன்னதோடு சரி. அந்த மே மாதத்தில் 55, 56 ரூபாயாக இருந்த டாலர் ஆகஸ்ட் 28ஆம் நாள் 68 ரூபாய் 80 காசைத் தொட்டது. 2022 மார்ச்சிலிருந்து அதே ஃபெடரல் ரிசர்வ் உண்மையாகவே வட்டியை மளமளவென்று உயர்த்தியது. அவ்வாண்டு அக்டோபரில் டாலர் 83 ரூபாய். 2025 டிசம்பரில் முதன்முறையாக 90ஐக் கடந்தது. ஷார்ஜாவில் வெயிலில் நின்று கம்பி கட்டும் நம் பிள்ளையின் மாதக் கணக்கு, அவன் பெயரைக் கூடக் கேள்விப்படாத ஒரு குழுவின் கூட்டத்தில் எழுதப்படுகிறது.

ரேட் இறங்கிய காலமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் நடுவில் 46 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் 2007 இறுதியில் 39 ரூபாய்க்கு வந்தது. வெளிநாட்டு முதலீடு இந்தியாவுக்குள் வெள்ளமாகப் பாய்ந்த காலம் அது. பத்திரிகைகள் ரூபாய் வலுத்துவிட்டது என்று பாராட்டி எழுதின. ஆனால் ஒரு திர்ஹம் பன்னிரண்டரை ரூபாயிலிருந்து 10 ரூபாய் 70 காசு அளவுக்கு இறங்கியது. துபாயிலோ வாடகையும் உணவும் ஏறிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு அக்டோபரில் அங்கு ஆயிரக்கணக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தத்திற்குச் சட்டம் இடம் கொடாத ஊரில், நாடு கடத்தப்படுவோம் என்று தெரிந்தும் நிறுத்தினார்கள். நாட்டிற்கு நல்லது என்று சொல்லப்படுவது சபுராளிக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இது சான்று.

மலேசியா சென்ற நம்மவர்களின் கதை வேறு. ரிங்கிட் டாலரோடு கட்டப்பட்டதன்று. 1997இல் டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டாக இருந்தது, ஆசிய நெருக்கடியில் 1998 ஜனவரியில் 4.88 வரை விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு 3.80 என்று முடிச்சுப் போட்டது. 2005 ஜூலையில் அவிழ்த்தது. பின்னர் 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. மலேசியா எண்ணெய் விற்கும் நாடு. ரிங்கிட் உடனே விழுந்தது. 19 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த ரிங்கிட் 2015 செப்டம்பரில் 15 ரூபாய் ஆயிற்று. அதே எண்ணெய் வீழ்ச்சியில் சவூதி ரியால் அசையவில்லை. ஆனால் அங்கே வேலை அசைந்தது. 2016இல் சவூதியில் பல மாதச் சம்பளம் இன்றி ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததையும், ஜித்தாவிலுள்ள நம் துணைத் தூதரகம் அவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ரேட் பலகையில் அன்றும் நல்ல எண்தான் எழுதியிருந்தது. நாணயம் வளைந்து கொடுக்காத நாட்டில் மனிதர்கள் வளைக்கப்படுகிறார்கள்.

இனி முன்னர் சொன்ன ஒட்டகத்திற்கு வருவோம். 2007 இறுதியில் 1,000 திர்ஹம் அனுப்பியவரின் வீட்டிற்கு 10,700 ரூபாய் வந்தது. டாலர் 90 ரூபாயைத் தொட்ட 2025 டிசம்பரில் அதே 1,000 திர்ஹத்திற்கு 24,500 ரூபாய். இரண்டே கால் மடங்குக்கும் மேல்! ஆனால் தொழிலாளர்களுக்கென்று அரசு வெளியிடும் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்தால், இதே பதினெட்டு ஆண்டுகளில் விலைகள் மூன்று மடங்குக்கும் மேலாக ஏறியிருக்கின்றன. அதாவது அன்று 10,700 ரூபாயில் நடந்த குடும்பத்திற்கு 2025 டிசம்பரில் 32,000 ரூபாயாவது வேண்டும், வந்ததோ 24,500. தங்கத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் கசப்பு. அன்று ஒரு பவுன் எட்டாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 1,000 திர்ஹத்தில் ஒரு பவுன் வாங்கிய பின்னும் மிச்சம் இருக்கும். 2025 டிசம்பரில் சென்னையில் பவுன் ஒரு லட்சத்தைக் கடந்தது. அதே 1,000 திர்ஹத்தில் கால் பவுன்கூட முழுமையாகக் கிடைக்காது. தங்கம் உலகெங்கும் தன்னளவிலும் ஏறியிருக்கிறது, ஆகவே முழுப் பழியையும் ரூபாயின் மீது போடுவது நியாயம் அன்று. இருந்தாலும் மகளுக்கு நகை சேர்க்கும் தகப்பனுக்கு இந்த வேறுபாட்டால் பயன் ஒன்றும் இல்லை.

சம்பளம் உயர்ந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக அதே 1,200, 1,500 திர்ஹத்தில் இருப்பவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பதை வீட்டிலுள்ள பெண்கள் அறிவார்கள். அவர்களுக்குச் சம்பள உயர்வு கொடுக்காமல் முதலாளி தப்பித்துக்கொள்ள இந்த ரேட்டே உதவுகிறது. “உனக்குத்தான் ரூபாயில் கூடுதலாகப் போகிறதே” என்பது அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த பதில். நம் ஜமாஅத்தின் சந்தாவும் அப்படித்தான். தொகை கூடியது என்று நினைத்துச் செலவைத் திட்டமிட்டால் பள்ளிவாசல் மராமத்துச் செலவு அதைவிட வேகமாகக் கூடியிருக்கும். ஆள் குறைந்திருக்கிறது என்ற முதல் வரியைத்தான் நிர்வாகிகள் கவலையோடு பார்க்க வேண்டும்.

ரேட்டுக்காகக் காத்திருப்பது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. 2013 ஆகஸ்டில் திர்ஹம் 18 ரூபாய் 70 காசை எட்டியபோது, “இருபது வரட்டும்” என்று சம்பளத்தைக் கையில் பிடித்துவைத்தவர்கள் இருந்தார்கள். அக்டோபருக்குள் அது 17 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. இருபதைத் தொட்டது 2018 அக்டோபரில், ஐந்து ஆண்டுகள் கழித்து! அதுவரை ஊரில் அடுப்பு எரிய வேண்டாமா? இன்னொரு சாரார் அதே நாட்களில் வங்கியிலும் கடன் அட்டையிலும் வட்டிக்குப் பணம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். வட்டி ஹராம் என்பதை இந்த அவையில் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனால் அந்தக் கடனோடு ஊர் திரும்பவும் முடியாது, அங்கே இருக்கவும் முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கைப்பேசியில் நாணயச் சூதாடும் செயலிகளில் இறங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: அனுமதி பெறாத அத்தகைய தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கியே 2022 முதல் வெளியிட்டு வருகிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்பும் இடத்திலும் கவனம் வேண்டும். ‘கட்டணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எக்ஸ்சேஞ்சில் ரேட்டைக் கேளுங்கள். அன்றைய சந்தை மதிப்பைவிட ஒரு திர்ஹத்திற்கு 20 காசு குறைத்துக் கொடுத்தால், 2,000 திர்ஹம் அனுப்புபவருக்கு 400 ரூபாய் போகிறது. 2025 டிசம்பர் ரேட்டில் அது பதினாறு திர்ஹத்துக்கு மேல். கட்டணமே வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும்!

உண்டியலைப் பற்றி ஒருவர் துண்டுச் சீட்டில் கேட்டிருக்கிறார். அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது குற்றம். நாம் வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பது நம் மீது கடமை. அதற்கும் மேலே ஒன்று சொல்ல வேண்டும். நம் அண்டை நாடாகிய இலங்கையைப் பாருங்கள். அங்கே மத்திய வங்கி டாலரை 200 ரூபாய் அளவிலேயே 2022 மார்ச் வரை பிடித்துவைத்திருந்தது. வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதல் கிடைத்தது. வளைகுடாவில் உழைத்த இலங்கைச் சகோதர சகோதரிகள் உண்டியலுக்கு மாறினார்கள். 2020இல் 710 கோடி டாலராக இருந்த வங்கி வழி வரவு 2021இல் 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் சுருங்கியது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் கொடுக்க அந்நாட்டிடம் டாலர் இல்லை. பிடியை விட்டபோது டாலர் 360 ரூபாயைத் தாண்டியது. தவறு அதிகாரத்தில் இருந்தவர்களுடையது, உழைத்தவர்களுடையது அன்று. செயற்கையாகப் பிடித்துவைக்கப்பட்ட ரேட்டுக்கு அவர்கள் செலுத்திய வரியைத் தவிர்த்தார்கள், அவ்வளவே. ஆனால் கூடுதலாகச் சில நூறு ரூபாய் பெற்ற குடும்பமும் எரிவாயு வரிசையில்தான் நின்றது.

இனி நான் சொல்ல வந்தவற்றில் முக்கியமானதற்கு வருகிறேன். ரேட் ஏறி இறங்குவதால் இந்த ஜமாஅத்தில் உறவுகள் முறிகின்றன. பஞ்சாயத்துக்கு வரும் கடன் வழக்குகளில் கணிசமானவை ஒரே வார்ப்பில் இருக்கின்றன. பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். ஒரு மாதிரிக் கணக்காகவே சொல்கிறேன். அண்ணன் துபாயில் இருக்கிறார். 2007 இறுதியில் தம்பி வீடு கட்ட 20,000 திர்ஹம் கடனாக அனுப்புகிறார். தம்பியின் கையில் 2,14,000 ரூபாய் வருகிறது. சீட்டு எழுதவில்லை, உடன்பிறப்புகளுக்குள் சீட்டு எதற்கு என்ற எண்ணம். 2025 டிசம்பரில் அண்ணன் ஊர் திரும்பிக் கடனைக் கேட்கிறார். “20,000 திர்ஹம் கொடுத்தேன், அதைக் கொடு” என்கிறார். அது 4,90,000 ரூபாய். “எனக்கு வந்தது 2,14,000; அதைத்தான் கொடுப்பேன்” என்கிறார் தம்பி. அதை வாங்கினால் அண்ணனின் கணக்கில் அது 8,735 திர்ஹம், பாதிக்கும் குறைவு. இருவருமே பொய் சொல்லவில்லை. இருவருமே தாம் ஏமாற்றப்படுவதாக நினைக்கிறார்கள். பெருநாள் அன்று ஒருவரை ஒருவர் முஸாபஹா செய்வதும் நின்றுபோகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது? கடனாக எது கொடுக்கப்பட்டதோ அதே இனத்தில், அதே அளவில் திருப்பித் தர வேண்டும் என்பதே பெரும்பாலான இமாம்களின் நிலை. நோட்டுப் பணத்தின் மதிப்பு மாறினாலும் எண்ணிக்கையே திரும்ப வேண்டும், விலைவாசியோடு கடனைக் கட்டிவைக்கக் கூடாது என்று இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் கூடியபோது தீர்மானித்தது. செம்புக் காசுகளின் மதிப்பு மாறினால் கடன் கொடுத்த நாளின் மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பது இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. அதனை இன்றைய நோட்டுகளுக்கும் பொருத்திப் பேசும் ஆலிம்கள் உள்ளனர். அதற்கும் மதிப்பு உண்டு. எனினும் நான் முதல் நிலையையே சார்கிறேன். மதிப்புக் கணக்கு என்று கதவைத் திறந்தால், அதன் வழியே வட்டி வேறு பெயரில் உள்ளே வந்து அமர்ந்துவிடும்.

அப்படியானால் கொடுக்கப்பட்டது ரூபாயா, திர்ஹமா? வழக்கே இங்குதான் இருக்கிறது. “20,000 திர்ஹம் கடன் தாருங்கள், எனக்காக அதை மாற்றி அனுப்புங்கள்” என்று தம்பி கேட்டிருந்தால் கடன் திர்ஹம். “இரண்டு லட்சம் குறைகிறது, அனுப்புங்கள்” என்று ரூபாயில் கேட்டு, அண்ணன் தம் பணத்தை மாற்றி ரூபாயாகக் கொடுத்திருந்தால் கடன் ரூபாய். பதினெட்டு ஆண்டுக்கு முன் தொலைபேசியில் பேசிய அந்த ஒரு வாக்கியம் யாருக்கும் நினைவில்லை. கடனை எழுதிவைக்குமாறு குர்ஆனின் மிக நீளமான வசனம் ஏன் அத்தனை விரிவாகப் பேசுகிறது என்பது பஞ்சாயத்தில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கு விளங்கும்.

கடன் திர்ஹமாக இருந்தால் ரூபாயில் வாங்கலாமா என்று கேட்பீர்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஃ எனும் இடத்தில் ஒட்டகம் விற்று வந்தார்கள். தீனாருக்கு விற்றுத் திர்ஹமாகப் பெறுவார்கள், திர்ஹத்திற்கு விற்றுத் தீனாராகவும் பெறுவார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இதுபற்றிக் கேட்டபோது, அன்றைய நாளின் மதிப்பில் பெற்றுக்கொண்டு, இருவருக்கும் இடையே பாக்கி ஏதுமின்றிப் பிரிந்தால் குற்றமில்லை என்ற கருத்தில் பதில் கிடைத்தது. ஆக, தீர்க்கும் நாளின் ரேட். கொடுத்த நாளின் ரேட் அன்று. “ரூபாயோ திர்ஹமோ, எது கூடுதலோ அதைத் தா” என்று கடன் கொடுக்கும்போதே நிபந்தனை விதிப்பவர்களும் நம்மில் உண்டு. அது கூடாது. கடனின் மீது முன்கூட்டியே உறுதி செய்யப்படும் ஆதாயம் அது.

ரூபாய்க் கடன் என்று முடிவானால் அண்ணனுக்கு நேரும் இழப்பு? நபி (ஸல்) அவர்கள் இளம் ஒட்டகம் ஒன்றைக் கடன் வாங்கி, அதைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்த செய்தி முஸ்லிமில் உள்ளது. நிபந்தனை இல்லாமல், கேட்காமல், தம்பி தாமாக மனமுவந்து கூடுதலாகக் கொடுத்தால் அது சுன்னத். அந்த 2,14,000 ரூபாயில் கட்டிய வீட்டின் இன்றைய மதிப்பு என்ன என்பதை அவர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும், நாங்கள் பஞ்சாயத்து பேச வேண்டியதே இல்லை. அண்ணனும், தாம் முழு ரேட்டையும் கேட்பது தம்பியின் வீட்டை விற்க வைக்குமா என்று பார்க்க வேண்டும். இருவரும் இணங்கி நடுவில் வந்து நிற்பதற்குப் பெயர் ஸுல்ஹ். இத்தகைய வழக்குகளில் தீர்ப்பைவிட அதுவே நிலைத்திருக்கிறது.

மஹரையும் பிறகு தருவதாக ரூபாயில் எழுதி முப்பது ஆண்டு கழித்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு முழு ஜும்ஆவே பேசலாம். இனி வரும் நிகாஹ்களில் அதைத் தங்கத்தில் எழுதச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பதாக இருக்கிறேன்; அப்போது முகம் சுளிக்காதீர்கள்.

நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே பேசியிருக்கிறேன். கடன் சீட்டுக்கான மாதிரிப் படிவம் ஒன்று அச்சிட்டு ஜமாஅத் அலுவலகத்தில் வைக்கப்படும். கொடுத்தவர், வாங்கியவர், இரண்டு சாட்சிகள், தேதி, தவணை ஆகியவற்றோடு, எந்த நாணயத்தில் கடன், எந்த நாணயத்தில் திருப்பித் தருவது, வேறு நாணயத்தில் தந்தால் அது தீர்க்கும் நாளின் ரேட்டில் என்ற வாசகம் அதில் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். ஏற்கனவே கொடுத்து, எழுதாமல் விட்ட கடன்கள் உள்ளவர்கள் இரு தரப்பும் உயிரோடும் நல்லுறவோடும் இருக்கும்போதே வந்து எழுதிக்கொள்ளுங்கள். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் நான் அலுவலகத்தில் இருப்பேன். படிவத்திற்குக் கட்டணம் இல்லை. அதில் மறைமுக ரேட்டும் இல்லை!